கையடக்கக் கருவியும் அணையாத உலகமும்

ஆர்பிஜி எனப்படும், பாத்திரமேற்று ஆடும் கேம்களுக்கு இரண்டு வீடுகள் அமைந்தன. ஒன்று கையடக்கக் கன்சோல். ஸ்கொயர் நிறுவனம் முதன்முதலாகப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது 1989-இல் கேம் பாய்க்காக வெளியிட்ட ‘சாகா’வில்தான். 1996-இல் அதே கருவியில் பிறந்த ‘போக்கிமான்’ உலகம் முழுக்கப் பரவியது. 2009-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையின் ஒன்பதாம் பாகம் வீட்டுக் கன்சோலைத் துறந்து நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்து, ஜப்பானில் மட்டும் 40 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. மற்றொரு வீடு, சர்வரில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்லைன் உலகம். 1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1998-இல் கொரியாவின் ‘லீனியேஜ்’, 1999-இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004-இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்று அது வளர்ந்தது. கடைசியாகச் சொன்னதற்கு 2010-இல் ஒரு கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆட்கள் நிறையப் பேர். இரண்டிலும் அதே வாளும் மந்திரமும், அதே படிப்படியான வளர்ச்சி. அப்படியிருந்தும் கையடக்கக் கருவிக்கென்றே உருவாகி, பல ஆண்டுகள் நிலைத்து, பெருங்கூட்டத்தைத் தாங்கிய ஆன்லைன் ஆர்பிஜி என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம். ஏன் இப்படி? கருவி செய்தவர்கள், கேம் வடிவமைத்தவர்கள், ஆய்வாளர்கள், ஆடுபவர்கள் எனப் பலரும் கால் நூற்றாண்டாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அதிகம் சொல்லப்பட்ட விடையே மிகவும் பலவீனமானது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. ஆன்லைன் ஆர்பிஜி என்று இங்கே குறிப்பது, நாம் வெளியேறிய பிறகும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும் ஒரு பொது உலகத்தை. நான்கு பேர் சேர்ந்து ஒரு வேட்டைக்குப் போய்க் கலைவது அதன் உறவுக்கார வடிவம். அதையும் தேவையான இடத்தில் பார்ப்போம். கையடக்கக் கருவி என்பது கேம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்டது. போனைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். அது இந்தக் கேள்வியையே மாற்றிவிட்டது.

கருவிக்குத் தெம்பில்லை என்ற விடை

முதலில் வந்ததும் அதிகம் சொல்லப்பட்டதுமான விடை இது. ஆன்லைன் உலகத்துக்கு வலுவான சில்லு வேண்டும், சேமிப்பிடம் வேண்டும், அறுபடாத இணைப்பு வேண்டும், அதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும். கையடக்கக் கருவியோ நேர் எதிர்த்திசையில் வளர்ந்தது. கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், நன்றாகப் பழகி விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய வேலைக்குப் பயன்படுத்துவதையே கொள்கையாக வைத்திருந்தார். அந்தக் கொள்கை வென்றது. 1989-இல் வண்ணத் திரையோடு வந்த அட்டாரி லிங்க்ஸும் மறு ஆண்டு வந்த சேகா கேம் கியரும் ஆறு பேட்டரிகளைப் போட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் அடங்கிவிடும். வண்ணமற்ற கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. குறைவாகக் கேட்கும் கருவியே நீடிக்கும் என்ற பாடத்தை அந்தத் துறை அன்றைக்குக் கற்றது. ஆன்லைன் உலகம் குறைவாகக் கேட்கும் ரகமில்லை.

இந்த விடை 2000 வரைக்கும் பொருந்தும். அதற்குப் பிறகு தள்ளாடுகிறது. 2001 ஜனவரியில் நின்டெண்டோ ஜப்பானில் ஒரு இணைப்பானை விற்றது. அதைக் கொண்டு கேம் பாயைச் செல்பேசியுடன் பொருத்தி, ‘போக்கிமான் கிரிஸ்டல்’ வைத்திருந்தவர்கள் தொலைவில் இருப்பவரோடு போக்கிமான்களை மாற்றிக்கொள்ளலாம், மோதவும் விடலாம். 2002 டிசம்பரில் அந்தச் சேவை மூடப்பட்டது. பேருலகம் இல்லாவிட்டாலும், கேம் பாய்கூட வெளியுலகத்தோடு பேச முடியும் என்று அது காட்டியது.

இன்னும் வலுவான சான்று சோனியின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா. 2012-இல் கணினிக்கு வந்த ‘ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன் 2’, 2013 பிப்ரவரியில் ஜப்பானில் வீட்டாவுக்கு வந்தது. தனியாக ஒதுக்கிய குட்டிப் பதிப்பாக அதை வெளியிடவில்லை. கணினியில் ஆடுபவரும் வீட்டாவில் ஆடுபவரும் ஒரே உலகத்தில், ஒரே பாத்திரத்தோடு உலவலாம். 2020 வரை அது ஓடியது. ‘டிராகன் குவெஸ்ட் 10’ வேறொரு வழியில் போனது. 2012-இல் வீ கன்சோலில் தொடங்கிய இந்த ஆன்லைன் பாகம், 2014 செப்டம்பரில் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு வந்தபோது, கேமைத் தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டிப் படத்தை மட்டும் கருவிக்கு அனுப்பியது. சில்லின் வலு போதாது என்ற தடையை இப்படிச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆக, தொழில்நுட்பத் தடை ஒவ்வொன்றாக விலகியது. விலகிய பிறகும் கூட்டம் கையடக்கக் கருவிக்குக் குடிபெயரவில்லை. வீட்டாவில் ஃபேண்டசி ஸ்டாரை விரும்பி ஆடியவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் அந்தக் கருவி ஆன்லைன் ஆர்பிஜிகளின் தாய்வீடாக மாறவேயில்லை. இந்த விடையில் இன்றும் செல்லுபடியாகும் துண்டு ஒன்று உண்டு: ஓடும் ரயிலில் இணைப்பு. பின்னால் வந்த கையடக்கக் கருவிகளான ஸ்விட்ச்சிலோ ஸ்டீம் டெக்கிலோ சிம் போட இடமில்லை. கையில் எடுத்துப் போகலாம். எடுத்துப் போகும் வழியில் உலகம் துண்டிக்கப்படும். ஆனால் வீட்டுச் சோபாவிலும் படுக்கையிலும் நடக்கும் ஆட்டத்துக்கு இது தடையில்லை. கையடக்கக் கருவியின் ஆட்டத்தில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

கீபோர்டு இல்லாத பேச்சு

இரண்டாவது விடை சிறியது. ஆன்லைன் உலகம் பேச்சால் கட்டப்பட்டது. 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ முழுக்க முழுக்க எழுத்தால் ஆனது. அந்த மரபில் வந்த உலகங்களில் நட்பும் சண்டையும் வியாபாரமும் தட்டச்சில்தான் நடந்தன. கீபோர்டு இல்லாத கருவி அங்கே ஊமை.

சேகா இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. 2000 டிசம்பரில் டிரீம்காஸ்ட்டுக்கு வந்த முதல் ‘ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன்’, ஆயத்தச் சொற்றொடர்களைத் தேர்ந்தெடுத்தால் எதிரில் இருப்பவரின் மொழியில் காட்டும் வசதியைத் தந்தது. வடிவங்களை அடுக்கிப் படமாகப் பேசவும் வழி இருந்தது. 2002-இன் ‘ஃபைனல் ஃபேண்டசி 11’ இதே யோசனையை விரித்து ஜப்பானியரையும் அமெரிக்கரையும் ஒரே சர்வரில் சேர்த்தது. கீபோர்டு இல்லாமல் ஓர் உறவைத் தொடங்கலாம் என்று இவை நிறுவின. அதை வளர்க்க முடிந்ததா என்பது வேறு. பிறகு குரல்வழிப் பேச்சு பொதுவானதும் இந்த விடையின் கூர்மை மழுங்கிவிட்டது. நின்டெண்டோ 2017-இல் ஸ்விட்ச்சை வெளியிட்டபோது குரல் உரையாடலைக் கருவிக்குள் வைக்காமல் போன் செயலிக்குத் தள்ளியது. இது இயலாமையால் நடந்ததாகத் தெரியவில்லை. கொள்கை முடிவாகவே தோன்றுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மூடினால் நிற்கும் கருவி, மூடினாலும் நிற்காத உலகம்

நேரத்தை முன்வைக்கும் விடைதான் ஆய்வாளர்களிடம் அதிகச் செல்வாக்குப் பெற்றது. ஜெஸ்பர் யூல் 2009-இல் எளிய கேம்களின் எழுச்சியை ஆராய்ந்த நூலில், எந்தக் கணமும் இடையில் நிறுத்த முடிவதை அவற்றின் முக்கியப் பண்புகளில் ஒன்றாகச் சொன்னார். கையடக்கக் கருவி இதை வன்பொருளிலேயே செய்து காட்டியது. டிஎஸ்ஸின் மூடியை மடக்கினால் கேம் அந்தக் கணத்திலேயே உறைந்து நிற்கும். திறந்தால் விட்ட இடத்தில் அரக்கன் காத்திருப்பான். நிறுத்தம் வந்ததும் மடக்கி இறங்கலாம். அம்மா கூப்பிட்டதும் மடக்கி எழலாம். கையடக்கக் கருவியின் மொத்த அழகும் அந்த மூடியில் இருக்கிறது என்றே சொல்வேன்.

சர்வரில் ஓடும் உலகத்துக்கு மூடி கிடையாது. எவர்குவெஸ்ட்டில் ஒரு பெரும் அரக்கனை வீழ்த்தப் பல பத்துப் பேர் மணிக்கணக்கில் ஒன்றாக நிற்க வேண்டும். ஃபைனல் ஃபேண்டசி 11-இல் குழு சேர்வதற்கே நெடுநேரம் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. குழுவுக்குச் சிகிச்சை அளிக்கும் பாத்திரத்தை எடுத்தவர் சண்டை நடுவில் கருவியை மடித்துப் பையில் போட்டால், மற்ற எல்லோரும் சாவார்கள். இங்கே பிரச்சினை நேரத்தின் நீளம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. போக்கிமானை நூறு மணி நேரம் ஆடியவர்கள் ஏராளம். டிராகன் குவெஸ்ட் 9-ஐ அதைவிடக் கூடுதலாக ஆடியவர்களும் உண்டு. கையடக்கக் கருவி நீண்ட ஆட்டத்தைத் தாங்கும். அது தாங்காதது, பிறருக்குக் கடன்பட்ட நேரத்தை.

இந்த விடைக்கு எதிரான சான்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2006-இல் நிக்கோலா டுஷனோ, நிக் யீ உள்ளிட்ட நால்வர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை அளந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த உலகத்தில் பலர் பெரும்பாலான நேரம் தனியாகவே ஆடுகிறார்கள், பிறரை நேரடித் துணையாக அல்லாமல் பார்வையாளராகவும் பின்னணியாகவும் கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டு கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் மாறான அழுத்தத்தோடு எழுதினார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அப்பால் மனிதர் கூடிப் பேசும் இடங்களைப் பற்றி ரே ஓல்டன்பர்க் வகுத்த கருத்தை எடுத்து, ஆன்லைன் உலகங்கள் அத்தகைய கூடுமிடங்களாக இயங்குகின்றன என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்த உலகங்கள் எப்போதும் கடனைக் கோருவதில்லை என்று புரிகிறது. சும்மா வந்து நின்றுவிட்டுப் போகவும் இடம் தருகின்றன. அப்படியானால் நேரத்தைக் காரணம் காட்டுவது எல்லா ஆட்டக்காரருக்கும் பொருந்தாது. குழுவோடு கட்டுண்டு ஆடுபவருக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

வார்கிராஃப்ட்டே பின்னர் அந்தக் கடனைக் குறைத்தது. 2009 டிசம்பரில் வந்த மாற்றத்தால், குழு தேடி ஊரெல்லாம் கூவ வேண்டிய தேவை போய், முன்பின் அறியாத ஐவரைக் கணினியே சேர்த்துவிட்டது. நேரம் மிச்சமானது. சர்வருக்குள் ஒருவர் பெயரை இன்னொருவர் அறிந்திருந்த வழக்கம் தேய்ந்துவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நேரத்தைக் குறைத்தால் உறவும் குறையுமா என்பது கையடக்கக் கருவிக்கும் உரிய கேள்வி.

அருகில் உட்கார்ந்தவரே துணை

நான்காவது விடை முந்தைய மூன்றையும்விட வளமானது. கையடக்கக் கருவிக்கு ஆன்லைன் உலகம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதற்கென்று ஒரு கூட்டுறவு முன்பே இருந்தது என்கிறது இது. ஆரம்பம், கேம் பாயின் இணைப்புக் கம்பி. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, இரண்டு கேம் பாய்களுக்கு இடையிலான கம்பியைப் பார்த்து, அதன் வழியே உயிரினங்கள் கடந்து போவதாகக் கற்பனை செய்ததிலிருந்தே போக்கிமான் பிறந்தது. இரண்டு பதிப்புகளாக விற்று, ஒன்றில் கிடைக்காத உயிரினத்தை மற்றதில் வைத்து, இன்னொருவரைத் தேடிப் போகும்படி செய்தார்கள். எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்தால்தான் கேம் முழுமையாகும்.

இதன் உச்சம் ‘மான்ஸ்டர் ஹண்டர்’. அதன் வரலாறே ஒரு சோதனை போல அமைந்துவிட்டது. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு அது ஆன்லைன் கேமாகவே வடிவமைக்கப்பட்டது. நால்வர் இணையத்தில் கூடி ஒரு பெருவிலங்கை வேட்டையாட வேண்டும். ஓரளவு ஓடியது. 2005 இறுதியில் அது சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்தபோது இணைய ஆட்டம் கிடையாது. ஒரே அறையிலோ ஒரே மேசையிலோ இருக்கும் கருவிகள் மட்டும் தமக்குள் பேசிக்கொள்ளும். இணையத்தைப் பறித்த பதிப்புதான் ஜப்பானில் பேரலையானது. 2008, 2010 பதிப்புகள் பல பத்து லட்சங்களில் விற்றன; 2010 டிசம்பரில் வந்த மூன்றாவது 45 லட்சத்தைத் தாண்டியது. உணவகங்களிலும் பள்ளி விட்டுப் போகும் வழிகளிலும் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆடினார்கள். பேச்சுக்குக் கீபோர்டு தேவைப்படவில்லை, வாய் இருந்தது. நேரக் கடனும் தீர்ந்தது, கிளம்புகிறவரை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

டிராகன் குவெஸ்ட் 9 இன்னொரு படி முன்னே போனது. கருவியைப் பையில் போட்டு நடந்தால் போதும். எதிரே வருபவரின் பையிலும் அதே கேம் விழித்திருந்தால் இரண்டும் தகவல் பரிமாறிக்கொள்ளும். அவருடைய பாத்திரம் உங்கள் விடுதியில் விருந்தினராக வந்து தங்கும். அவர் வைத்திருந்த புதையல் வரைபடமும் உங்களுக்கு வரும், கண்டெடுத்தவரின் பெயரோடு. அனுபவப் புள்ளிகளை அள்ளித் தரும் அபூர்வமான ஒரு வரைபடம், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து புறப்பட்டு ஜப்பான் முழுக்கக் கைமாறியது. அகிஹபாராவின் யோடோபாஷி கடையில் இதற்கென்றே இடம் ஒதுக்கினார்கள்; அங்கே கூட்டம் சும்மா நின்றது, பைகளுக்குள் கருவிகள் பேசின. 2011-இன் 3டிஎஸ் இதைக் கருவியின் பொதுக் குணமாகவே ஆக்கியது. அதில் கூடவே வந்த குட்டி ஆர்பிஜியில், வழியில் கடந்து போனவர்களே உங்கள் படைவீரர்கள்.

இந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே அதன் ஓட்டைகளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது ஓட்டை, நிலவியல். டோக்கியோவின் ரயில் நிலையத்தில் ஒரே நாளில் பையை நிரப்பும் சந்திப்புகள், ஆட்கள் காரிலேயே போய்வரும் அமெரிக்கப் புறநகரில் வாரக்கணக்கில் ஒன்றுகூட நேராது. பிஎஸ்பியின் மான்ஸ்டர் ஹண்டர் ஜப்பானுக்கு வெளியே அந்த அளவுக்கு எழும்பாததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள், ஓரளவு ஏற்கத்தக்கது. இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. அருகில் ஆள் கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. அறைக்குள் மட்டும் எட்டும் பிஎஸ்பியின் அலையைக் கணினி வழியாக இணையத்தில் கடத்தும் ‘எக்ஸ்லிங்க் காய்’ என்ற மென்பொருளை நாடினார்கள். 2008-இல் சோனியே பிளேஸ்டேஷன் 3 வழியாக அதே வேலையைச் செய்யும் சேவையைத் தொடங்கியது. 2013-இல் 3டிஎஸ்ஸுக்கு வந்த மான்ஸ்டர் ஹண்டரின் நான்காம் பாகம் இணைய ஆட்டத்தைத் தந்தபோது அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆகவே அருகாமை என்பது முழுக்க விருப்பத்தால் வந்ததில்லை. வேறு வழி இல்லாததாலும் வந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சான்று கிடையாது.

காவலும் கட்டணமும்

ஐந்தாவது விடை காவலைப் பற்றியது. நின்டெண்டோவின் கருவிகள் குழந்தைகள் கையில் இருந்தன. அந்நியரோடு பேசவிடுவதில் அந்நிறுவனம் எப்போதும் தயங்கியது. 2005-இல் டிஎஸ்ஸுக்கு இணையச் சேவை தொடங்கியபோது, ஒவ்வொரு கேமுக்கும் தனியாக 12 இலக்க எண்ணை நண்பர்கள் முன்கூட்டியே பரிமாறிக்கொள்ள வேண்டியிருந்தது. 3டிஎஸ்ஸில் படமும் கடிதமும் அனுப்பும் வசதியை, சிறார் அந்நியரோடு எண்களைப் பரிமாறித் தகாத படங்கள் புழங்கியதால் 2013 நவம்பரில் நிறுத்தியது. இந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்நியர் நண்பராவதே ஆன்லைன் உலகத்தின் உயிர். அந்த வாசலை அடைத்தால் உலகம் வெறும் காட்சிதான்.

மாதச் சந்தா இதோடு சேரும் இன்னொரு தடை. கேட்ரிட்ஜ் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. பள்ளிப் பிள்ளையால் மாதம்தோறும் கட்ட முடியாது. டிராகன் குவெஸ்ட் 10 இதற்கு அருமையான வழி கண்டது: நாளுக்கு இரண்டு மணி நேரம் சந்தா இல்லாமலே ஆடவிட்டது. பிள்ளைகளை மனதில் வைத்த நேரம் அது. கட்டணத்தையும் நேரக் கட்டுப்பாட்டையும் ஒரே ஏற்பாட்டில் தீர்த்த இதைப் பற்றி ஆய்வாளர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை.

கூட்டத்தின் சாயல்

இவற்றுக்கிடையே வேறொன்றும் நடந்தது. ஆன்லைன் உலகம் கையடக்கக் கருவிக்கு வராதபோது, அதைப் போல நடிக்கும் கேம்கள் வந்தன. 2002-இல் பிளேஸ்டேஷன் 2-இல் தொடங்கிய ‘டாட் ஹேக்’ வரிசை, ஒரு கற்பனை ஆன்லைன் கேமைத் தனி ஆளாக ஆடவைத்தது; 2010-இல் அது பிஎஸ்பிக்கும் வந்தது. ரெகி கவஹராவின் ‘சுவோர்ட் ஆர்ட் ஆன்லைன்’ நாவல்களை ஒட்டிய கேம்களில் முதலாவது 2013-இல் பிஎஸ்பியிலும் அதன் விரிவு மறு ஆண்டு வீட்டாவிலும் வெளியாயின. நூற்றுக்கணக்கான ‘ஆட்டக்காரர்கள்’ சந்தையில் நடமாடுவார்கள். அத்தனை பேரும் நிரல்கள். 2022-இல் டிராகன் குவெஸ்ட் 10-க்கே இணையம் இல்லாத பதிப்பு வந்தது.

இதை வெறும் நகல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஆன்லைன் உலகத்தில் மனிதர்கள் விரும்பும் ஒரு பங்கு, ஆள் நடமாட்டம் உள்ள ஊருக்குள் நுழையும் அந்த உணர்வு, உண்மையான ஆட்கள் இல்லாமலும் கிடைத்துவிடுகிறது என்பதற்கு இவை சான்று. மேலே சொன்ன டுஷனோ குழுவின் 2006 ஆய்வோடு இது ஒத்துப்போகிறது.

போன் சொன்ன விடை

போன் பல தடைகளை ஒரே வீச்சில் நீக்கியது: எப்போதும் இணைப்பு, எழுதத் திரை, சட்டைப்பையில் நிரந்தர இடம். முயற்சிகள் சீக்கிரமே தொடங்கிவிட்டன. ஜெர்மனியின் சிப்சாஃப்ட் 2003-இலேயே தன் ‘டிபியா’ உலகத்தின் போன் பதிப்பைக் கொண்டுவந்தது. போனும் கன்சோலும் கலந்த நோக்கியா என்-கேஜுக்காக 2004-இல் சேகா ‘பாக்கெட் கிங்டம்’ வெளியிட்டது. பெருவெற்றி கொரியாவில் வந்தது: 2016 இறுதியில் நெட்மார்பிளின் ‘லீனியேஜ் 2 ரெவல்யூஷன்’, 2017-இல் என்சிசாஃப்ட்டின் ‘லீனியேஜ் எம்’. இவற்றில் பாத்திரம் தானாகவே வேட்டையாடும். ஆட்டக்காரர் ஆயுதம் தருகிறார், இடம் சொல்கிறார், அவ்வப்போது எட்டிப்பார்க்கிறார்.

தானியங்கி ஆட்டத்தை ஆதரிப்பவர்கள், ஆட்டக்காரர் வீரர் என்ற நிலையிலிருந்து நிர்வாகி என்ற நிலைக்கு மாறுவதாகச் சொல்கிறார்கள். அதை ஒரு வடிவமாக ஏற்கிறேன். ஆனால் காசு கொட்டுபவர் முந்துவதற்கு அது வசதியான ஏற்பாடாகவும் அமைந்துவிட்டது. ஆடுவதில் திறமைக்கு இடம் குறையும்போது பணத்துக்கு இடம் கூடுகிறது. நேரக் கடன் என்ற சிக்கலை இது தீர்த்த விதம், ஆட்டக்காரரையே ஆட்டத்திலிருந்து விலக்குவது. இந்த விலை அதிகம்.

அதைவிட நல்ல சான்று பிரிட்டனிலிருந்து வந்தது. 2018 அக்டோபரில் ஜேகெக்ஸ் தன் ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’பைப் போனுக்குக் கொண்டுவந்தது. கணினியிலுள்ள அதே உலகம், அதே கணக்கு, வெட்டிச் சுருக்கிய எதுவும் இல்லை. அது இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் அந்தக் கேமின் நடை. மரம் வெட்டச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கண்ணெடுக்கலாம். மீன் பிடிக்கவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இடைவெளி விட்டு ஆடுவது அதன் பழைய உடம்பிலேயே இருந்தது. 1996-இல் ரிச்சர்ட் பார்ட்டில் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், உலவிப்பார்ப்பவர், பழகுபவர், தாக்குபவர் என்று நால்வகைப்படுத்தியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். முதல் இருவருக்குக் கையடக்கக் கருவி தாராளமாகப் போதும். பின் இருவருக்குத்தான் அதே கணத்தில் எதிரில் இன்னொருவர் வேண்டும்.

தீராமல் நிற்பவை

2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக், விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்தியது. ஏழு அங்குலத் திரையுள்ள அந்தக் கருவியில் கணினிக்கான ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ அப்படியே ஓடும். கையடக்கக் கருவிக்கென்று தனி உலகம் தேவையில்லை, மேசையில் ஆடும் உலகத்துக்கு இன்னொரு ஜன்னல் போதும் என்பது இதன் வாதம். வீட்டா முன்பே காட்டிய வழி இது. அதன் எல்லையும் தெரிகிறது. மேசைத் திரைக்காக வடித்த எழுத்து சிறிய திரையில் கண்ணை வருத்தும். கருவியை உறங்கவைத்தால் சர்வர் இணைப்பை அறுத்துவிடும். அதனால் பெரும் போர்கள் மேசைக்கும், மீன்பிடிப்பும் கைவினையும் அன்றாடச் சில்லறை வேலைகளும் கைக்கும் என்று பலர் பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் ஜன்னலாக இருப்பது தோல்வி இல்லை. ஆனால் முதல் கேள்விக்கு அது விடையும் இல்லை.

இல்லாமையையே ஆட்டத்தின் பகுதியாக்கிய ஓர் ஆன்லைன் உலகம், மனிதரிடையே உறவை வளர்க்குமா என்பது திறந்தே கிடக்கிறது. டிராகன் குவெஸ்ட் 10-இல் இதற்கு விதை உண்டு. வெளியேறும்போது உங்கள் பாத்திரத்தை மதுக்கூடத்தில் பதிந்துவிட்டுப் போகலாம். வேறொருவர் அதைக் கூலிக்கு அமர்த்தித் தன் பயணத்தில் கூட்டிப்போவார். நீங்கள் திரும்பும்போது அது ஈட்டிய பொன்னும் அனுபவமும் காத்திருக்கும். ஆட்டத்துக்கு வராத நேரம்கூடச் சேர்ந்து, பின்னர் வேகமாக வளர உதவும். டிராகன் குவெஸ்ட் 9-இன் பைச் சந்திப்பை இணையத்துக்குக் கொண்டுவந்தது போன்ற அமைப்பு இது. பிறருக்கு உதவ, நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அமர்த்தியவரும் அமர்த்தப்பட்டவரும் நண்பர்களானார்களா, அல்லது ஒருவருக்கொருவர் பயனுள்ள பொம்மைகளாக நின்றுவிட்டார்களா என்று அளந்து சொல்ல இன்னும் நல்ல ஆய்வு வேண்டும். வளமான பதில் இங்கேதான் கிடைக்கக்கூடும் என்பது என் நம்பிக்கை. நிரூபணம் இல்லை.

நீடிப்பைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. 1989-இல் வாங்கிய சாகா கேட்ரிட்ஜ், உள்ளிருக்கும் சேமிப்பு பேட்டரியை மாற்றினால், இன்றும் ஓடும். ஃபைனல் ஃபேண்டசி 11-இன் பிளேஸ்டேஷன் 2 சேவை 2016-இல் முடிந்தது. உலகம் கணினியில் மட்டும் தொடர்கிறது. டிராகன் குவெஸ்ட் 10-இன் 3டிஎஸ் வழி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அடுத்த மாதமே 3டிஎஸ்ஸின் இணையச் சேவை மொத்தமும் நின்றது. இந்த உலகங்களைக் கையில் வைத்திருந்தவர்களிடம் மிஞ்சியது திறக்காத ஒரு சின்னம். கையடக்கக் கருவியை நேசிப்பவர்களில் பலர் அதை நேசிப்பது, அது தங்களுடையது என்பதால்தான். ஒரு நிறுவனம் அணைக்கக்கூடிய உலகத்தை அவர்கள் தங்களுடையதாக எண்ணுவார்களா என்பதை இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் எதுவும் நேராகச் சந்திக்கவில்லை.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, குரல் உரையாடலைக் கருவிக்குள்ளேயே வைத்து அதற்கென்று ஒரு பொத்தானையும் தந்திருக்கிறது. கீபோர்டு இல்லாத பேச்சு என்ற விடையை இனிமேல் எடுத்துவருவது கடினம். நேரக் கடனைப் பற்றியும் அணைக்கப்படும் சர்வரைப் பற்றியும் அந்தப் பொத்தான் எதையும் மாற்றவில்லை.